டிவிக்குப் பின்னால் ஒன்றேகால் அடி

2012 கிறிஸ்துமஸ் அன்று ராணி இரண்டாம் எலிசபெத் வழக்கம்போல மதியம் மூன்று மணிக்கு பிரிட்டன் மக்களுக்கு உரையாற்றினார். அந்த வருடம் ஒரு விசேஷம், உரை 3டியிலும் ஒளிபரப்பானது. முன்கூட்டியே அதைப் பார்க்க ராணியே 3டி கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் புகைப்படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அப்போது பிரிட்டனில் சுமார் 15 லட்சம் வீடுகளில் 3டி டிவி இருந்ததாகக் கணக்கு. அதில் 5 சதவீத வீடுகள்தான் ராணியை 3டியில் பார்த்தன. இருபது வீட்டுக்கு ஒரு வீடு.

இதை மட்டும் கேள்விப்பட்டால், "சரிதான், எவனுக்கும் பிடிக்கல" என்று முடித்துவிடலாம். ஆனால் அதற்கு ஐந்து மாதம் முன்பு, 2012 ஜூலையில், லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடக்கவிழாவும் 3டியில் வந்தது. அதே 15 லட்சம் வீடுகளில் ஏறக்குறைய பாதி அதை 3டியில் பார்த்தன. டிவியும் அதேதான், கண்ணாடியும் அதேதான். அப்புறம் எப்படி ஒரு நாள் பாதி வீடும், இன்னொரு நாள் இருபதில் ஒரு வீடும்?

3டி டிவி ஏன் செத்தது என்று யாரைக் கேட்டாலும் "கண்ணாடி" என்பார்கள். வீட்டுக்குள் கண்ணாடி மாட்டிக்கொண்டு எவன் உட்காருவான் என்று. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஒலிம்பிக்ஸ் அன்று அத்தனை பேர் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்களே? அதைவிட, நூற்றைம்பது வருடம் முன்பே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் லட்சக்கணக்கான வீடுகளில் இதைவிடப் பெரிய கருவியை முகத்தில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பார்த்தார்களே? வீட்டில் உட்கார்ந்து ஆழத்தைப் பார்க்கும் ஆசை டிவியைவிட ரொம்பப் பழையது. அந்தக் கதையிலிருந்து தொடங்கினால்தான் இந்தக் கணக்கு புரியும்.

வரவேற்பறையில் ஒரு பிரமிடு

கட்டைவிரலை முகத்துக்கு முன்னால் நீட்டிப் பிடியுங்கள். இடது கண்ணை மூடுங்கள், பிறகு வலது கண்ணை மூடுங்கள். விரல் இடம் மாறும். நம் இரண்டு கண்களுக்கும் நடுவே சராசரியாக 63 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. அதனால் ஒவ்வொரு கண்ணுக்கும் கிடைப்பது சற்றே வேறு படம். இரண்டு படங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்து, மூளை தூரத்தைக் கண்டுபிடிக்கிறது.

இதைப் படம் வரைந்து நிரூபித்தவர் சார்லஸ் வீட்ஸ்டோன். ப்ளஸ் டூ பிசிக்ஸ் லேபில் நம்மைப் படுத்தி எடுத்த வீட்ஸ்டோன் பிரிட்ஜின் அதே ஆள்தான். 1838இல் லண்டன் ராயல் சொசைட்டியில் இரண்டு கண் பார்வை பற்றி ஒரு கட்டுரை சமர்ப்பித்தார். இரண்டு கண்ணாடிகளைச் சாய்வாக வைத்து, இடது கண்ணுக்கு ஒரு கோட்டோவியம், வலது கண்ணுக்கு இன்னொன்று. பார்த்தால் காகிதத்தில் இருந்த கோடுகள் காற்றில் ஒரு கனசதுரமாக நிற்கும். கருவிக்கு அவர் வைத்த பெயர் ஸ்டீரியோஸ்கோப். புகைப்படம் உலகுக்கு அறிவிக்கப்பட்டது அடுத்த வருடம், 1839இல். அதாவது 3டி படம் போட்டோவைவிட மூத்தது.

வீட்ஸ்டோனின் கருவி மேசையை அடைக்கும். 1849இல் டேவிட் புரூஸ்டர் அதை லென்ஸ் வைத்த சின்னப் பெட்டியாக மாற்றினார். 1851இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் விக்டோரியா ராணி அதைப் பார்த்து ரசித்தார். அவ்வளவுதான், ஊரே கேட்க ஆரம்பித்தது. 1854இல் தொடங்கிய லண்டன் ஸ்டீரியோஸ்கோபிக் கம்பெனி, ஸ்டீரியோஸ்கோப் இல்லாத வீடே இருக்கக் கூடாது என்பதையே தன் விளம்பர வாசகமாக வைத்துக்கொண்டது. 1861 வாக்கில் பாஸ்டனில் டாக்டராகவும் எழுத்தாளராகவும் இருந்த ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், கையில் பிடித்துப் பார்க்கும் மலிவான மரக் கருவி ஒன்றை வடிவமைத்தார். காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று விட்டுவிட்டார். செய்தார்கள்.

அமெரிக்காவில் அண்டர்வுட் அண்ட் அண்டர்வுட் போன்ற கம்பெனிகள் படிக்கிற பையன்களை விடுமுறையில் வீடு வீடாக அனுப்பி இந்தப் படங்களை விற்றன. எகிப்து, ரோம், ஜப்பான் என்று ஊர் ஊராகப் பெட்டி. இந்தியாவுக்கும் ஒன்று இருந்தது. அதற்காக ஜேம்ஸ் ரிக்கல்டன் எழுதிய வழிகாட்டிப் புத்தகம் 1907இல் வெளியானது. மாலையில் ஒருவர் கருவியை எடுத்து ஒரு அட்டையைப் பார்ப்பார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். வாயைப் பிளப்பார். பிறகு பக்கத்திலிருப்பவர் கையில் கொடுப்பார். வரவேற்பறையில் ஒருவர் பிரமிடுக்கு முன்னால் நிற்கும்போது மற்றவர்கள் பேசிக்கொண்டோ பின்னிக்கொண்டோ இருப்பார்கள்.

அந்தக் கருவியின் குணத்தைக் கவனியுங்கள். பார்ப்பவர் முழுதாக உள்ளே போய்விடுகிறார், ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். ஒரு நேரத்தில் ஒருவர்தான். வேண்டாம் என்றால் கையை இறக்கினால் போதும், வீடு திரும்பி வந்துவிடும். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான வியூ-மாஸ்டரும் இதே சாதிதான். வட்டத் தகட்டில் 7 ஜோடிப் படங்கள், விசையை அழுத்த அழுத்த அடுத்த படம். நம்மில் பலர் சின்ன வயதில் அதற்காக அக்கா தம்பியோடு சண்டை போட்டிருப்போம்.

டிவிக்கு எதிராகப் பிறந்த ஆயுதம்

டிவியில் 3டி என்பதும் புது யோசனை இல்லை. ஜான் லோகி பேர்ட் லண்டனில் முதன்முதலாக டிவியை விஞ்ஞானிகளுக்கு இயக்கிக் காட்டியது 1926 ஜனவரியில். 1928 ஆகஸ்டிலேயே 3டி டிவியையும் காட்டிவிட்டார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்னப் படங்கள், அவற்றை ஸ்டீரியோஸ்கோப் மாதிரி லென்ஸ் வழியாகப் பார்க்க வேண்டும். டிவிக்கு இன்னும் ஒழுங்காக முகமே தெரியாத காலம் அது. அதற்குள் ஆழம்!

ஆனால் 3டி பெரிய வியாபாரமானது டிவிக்கு எதிரியாகத்தான். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு டிவி வந்ததும் தியேட்டர்கள் காலியாயின. வீட்டில் கிடைக்காத ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். 1952 நவம்பரில் 'புவானா டெவில்' என்ற 3டி படம் வந்து கூட்டத்தை அள்ளியது. அடுத்த வருடம் 'ஹவுஸ் ஆஃப் வாக்ஸ்'. அதை இயக்கிய ஆந்த்ரே டி டோத்துக்கு ஒரு கண்தான். தான் எடுத்த படத்தின் ஆழத்தை அவரால் பார்க்கவே முடியாது! இரண்டு புரொஜக்டர்களை ஒரே கதியில் ஓட்ட வேண்டும், ஒரு ஃபிரேம் பிசகினாலும் தலைவலி. ஓரிரு வருடங்களில் அலை அடங்கிவிட்டது.

நம் பக்கம் 1984இல் மலையாளத்தில் 'மை டியர் குட்டிச்சாத்தான்' வந்தது. இந்தியாவின் முதல் 3டி படம். அதைப் பார்த்தவர்கள் எல்லோரும், ஏதோ ஒன்று திரையை விட்டு முகத்துக்கு நேராக வந்ததைப் பற்றித்தான் சொல்வார்கள். தியேட்டர் 3டி என்றால் வெளியே பாய்வது என்றே பழகிவிட்டோம். 2009 டிசம்பரில் வந்த 'அவதார்' இதைத் தலைகீழாக்கியது. ஜேம்ஸ் கேமரூன் பெரும்பாலும் ஆழத்தைத் திரைக்குப் பின்னால் வைத்தார். திரை ஒரு ஜன்னல், அதற்கு அப்பால் காடு. எதுவும் வந்து குத்தவில்லை, நாம்தான் எட்டிப் பார்த்தோம். படம் வசூலில் அதுவரை இருந்த எல்லாச் சாதனைகளையும் உடைத்தது.

டிவி கம்பெனிகளுக்கு அது சரியான நேரம். அமெரிக்காவில் 2009 ஜூன் 12 அன்று பழைய அனலாக் ஒளிபரப்பு நின்றது. அதையொட்டி எக்கச்சக்கமான வீடுகள் தட்டை டிவிக்கு மாறியிருந்தன. எல்லோரும் வாங்கி முடித்தாயிற்று, விலையும் இறங்கிக்கொண்டிருக்கிறது. இனி புது டிவி வாங்க ஒரு காரணம் வேண்டும். 2010 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் சாம்சங், சோனி, பானசோனிக், எல்ஜி என்று எல்லோர் மேடையிலும் 3டி. ஐம்பதுகளில் டிவியை அடிக்கத் தியேட்டர் எடுத்த ஆயுதத்தை இப்போது டிவியே கையில் எடுத்தது.

பிறகு எல்லாம் வேகம். 2010 ஜனவரி 31 அன்று ஸ்கை நிறுவனம் ஆர்சனல்-மான்செஸ்டர் யுனைடெட் போட்டியை ஒன்பது பப்களில் 3டியில் நேரலையாகக் காட்டியது. ஜூன் 11 அன்று, உலகக் கோப்பைக் கால்பந்தின் முதல் ஆட்டத்தோடு, ஈ.எஸ்.பி.என். தன் 3டி சேனலைத் தொடங்கியது. 2013இல் அதை மூடியது. ஸ்கை 3டி சேனல் 2015இல் நின்றது. சாம்சங் 2016இல் 3டியை விட்டது. எல்ஜியும் சோனியும் 2017இல் புதிதாகச் செய்வதில்லை என்று சொல்லிவிட்டன. டிவி வாங்க வருபவர்களுக்கு 3டி ஒரு முக்கியக் காரணமாக இல்லை என்பதுதான் எல்ஜி தரப்பு சொன்ன விளக்கம். ஏழு வருடம். ஒரு நல்ல டிவியின் ஆயுள்கூட இல்லை.

ஒரு சின்னக் கணக்கு

எஞ்சினியர் என்பதால் ஒரு கணக்குப் போடாமல் நகர முடியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள், எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

அடிவானத்தில் இருக்கும் ஒரு மலையைப் பார்க்கும்போது நம் இரண்டு கண்களின் பார்வைக்கோடுகளும் இணையாகப் போகும். 3டி திரையில் அந்த உணர்வு வர, இடது கண்ணுக்கான மலையும் வலது கண்ணுக்கான மலையும் திரைமேல் 63 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அதற்கு மேல் தள்ளினால் கண்கள் வெளிப்பக்கமாக விரிய வேண்டிவரும், வலிக்கும். 10 மீட்டர் அகலத் தியேட்டர் திரையில் 63 மில்லிமீட்டர் என்பது திரை அகலத்தில் 0.63 சதவீதம்.

இப்போது அதே படத்தை 50 அங்குல டிவியில் போடுங்கள். அதன் அகலம் சுமார் 1.1 மீட்டர். அதில் 0.63 சதவீதம் என்றால் 7 மில்லிமீட்டர். பத்தடி தள்ளி உட்கார்ந்து, 63 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள கண்களால், 7 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு புள்ளிகளைப் பார்த்தால் அவை எங்கே சேரும்? பதினொன்றேகால் அடியில். அதாவது தியேட்டரில் முடிவில்லாத தூரத்தில் இருந்த மலை, வீட்டில் டிவிக்குப் பின்னால் ஒன்றேகால் அடியில் வந்து நின்றுவிடும். பண்டோராவின் காடு, வானம், மிதக்கும் மலைகள் எல்லாம் டிவி ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவே, நாம் பழைய செருப்பு டப்பா வைக்கும் இடத்தில். வீட்டுக்கென்று ஆழத்தை மறுபடி சரிசெய்து கொடுத்தால் ஒழிய இதுதான் கதி. கடையில் ஓடிய டெமோ அசத்தியதும், வீட்டில் போட்ட படம் ஏதோ அட்டை பொம்மைகளை வரிசையாக நிறுத்திய மாதிரி இருந்ததும் பலருக்கு ஏற்பட்ட அனுபவம். அதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

சரி, ஆழத்தைக் கூட்டினால்? அதற்கும் எல்லை உண்டு. கண் எங்கே குவிகிறதோ அங்கேயே கண்ணின் லென்ஸும் ஃபோகஸ் செய்வதுதான் பிறந்தது முதல் பழக்கம். 3டி திரையில் பார்வைக்கோடுகள் ஒரு தூரத்தில் சேரும், ஃபோகஸ் மட்டும் திரையிலேயே நிற்கும். இந்த முரண் கண்ணைச் சோர்வடையச் செய்கிறது என்பதை கலிபோர்னியா பெர்க்லியில் மார்ட்டின் பேங்க்ஸ் குழுவினர் 2008இல் பரிசோதித்துக் காட்டினார்கள். திரை கிட்டே வர வர, சிரமமில்லாமல் பார்க்கக்கூடிய ஆழத்தின் இடம் குறுகிக்கொண்டே வரும். தியேட்டரில் தாராளமாக விளையாடலாம். ஹாலில் அவ்வளவு இடம் கிடையாது.

டியூப்லைட்டை அணைங்க

இதெல்லாம் கண்ணுக்குள் நடப்பது. கண்ணுக்கு வெளியே வீடு என்று ஒன்று இருக்கிறது.

2012இல் என் பெரியப்பா மகன் வெளிநாட்டிலிருந்து வரும்போது ஒரு 3டி டிவி கொண்டுவந்தான். கூடவே நான்கு கண்ணாடி. வீட்டில் அன்று ஒன்பது பேர். ஆழ்கடல் பற்றிய டாக்குமெண்டரி ஒன்றைப் போட்டான். கண்ணாடி போட்ட நாலு பேர் "ஐயோ" என்றார்கள், போடாத ஐந்து பேருக்கு மீனெல்லாம் ரெட்டை ரெட்டையாகத் தெரிந்தது. நான் போட்டிருந்தேன். ஒரு ஜெல்லி மீன் எதையும் நோக்கிப் பாயாமல் சும்மா மிதந்தது. அதற்கு முன்னும் பின்னும் தண்ணீர் இருந்தது. டிவியில் தண்ணீரின் பருமனை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். அந்த இருபது நிமிடம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் படம் படபடவென்று துடித்தது. அந்தக் கண்ணாடியின் இரண்டு பக்கமும் எல்சிடி ஷட்டர்கள். டிவி இடது கண் படத்தையும் வலது கண் படத்தையும் மாற்றி மாற்றிக் காட்ட, கண்ணாடி அதற்கேற்ப ஒவ்வொரு கண்ணையும் நொடிக்குச் சுமார் 60 தடவை மூடித் திறக்கும். நம் டியூப்லைட்டோ 50 ஹெர்ட்ஸ் கரண்டில் நொடிக்கு 100 தடவை மினுக்கும். இரண்டும் ஒத்துப்போகாமல் அறையே துடிக்கும். "லைட்ட அணைங்க" என்றான் அண்ணன். அணைத்தோம். உடனே பெரியம்மா, "நான் அவரைக்காய் அரிய வேண்டாமா?" என்றார். அவர் கையிலும் ஒரு கண்ணாடி இருந்தது. போட்டால் அவரைக்காய் தெரியவில்லை, எடுத்தால் டிவி தெரியவில்லை. கொஞ்ச நேரம் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைப் பேரனிடம் கொடுத்துவிட்டு, அருவாமனையைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார். பெரியப்பா வழக்கம்போல ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தார். அதுவும் முடியாது. படங்கள் பக்கவாட்டில் தள்ளி இருக்கின்றன, படுத்தால் கண்களோ மேலும் கீழுமாக. மூளையால் இரண்டையும் சேர்க்க முடியாது. நிமிர்ந்து, நேராக, இருட்டில் உட்கார வேண்டும். தியேட்டரில் உட்காருவது மாதிரி.

பிபிசி 2013 ஜூலையில் மூன்று வருடத்துக்கு 3டியை நிறுத்திவைப்பதாக அறிவித்தபோது, அந்தப் பிரிவின் தலைவராக இருந்த கிம் ஷில்லிங்லா கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார். வீட்டில் 3டி பார்ப்பது தொந்தரவான வேலை, டிவியைப் போடுவதற்கு முன் கண்ணாடியைத் தேட வேண்டும், தியேட்டருக்குப் போகிறவர்கள் ஒரே வேலையைச் செய்யப் போகிறார்கள், டிவி பார்க்கிறவர்களின் கவனம் வேறு மாதிரி. முதல் இரண்டும் சில்லறைக் காரணங்கள். மூன்றாவதுதான் சங்கதி.

டிவி பார்க்க மட்டுமே ஆன பொருள் இல்லை. அது அடுப்பு மாதிரி, சுற்றி உட்கார ஒரு சாக்கு. அதற்கு நாம் கொடுப்பது அரைக்கண். மீதிக் கண் அவரைக்காயில், பிள்ளையின் ஹோம்வொர்க்கில், வாசலில் யார் வருகிறார்கள் என்பதில் இருக்கும். 3டிக்கு அரைக்கண் போதாது. ஒன்றரைக் கண்ணும் போதாது, இரண்டு கண்ணும் முழுதாக வேண்டும். கண்ணாடி மாட்டியதும் பக்கத்தில் இருப்பவரின் முகம் மங்கிவிடுகிறது, வாசலில் வருபவர் அன்னியராகிறார்.

இனி ராணியின் கணக்குக்குத் திரும்பலாம். ஒலிம்பிக்ஸ் தொடக்கவிழா இரவு நிகழ்ச்சி, அதற்காகவே குடும்பம் உட்கார்ந்தது, அன்றைக்கு ஹால் தியேட்டராக மாறத் தயாராக இருந்தது. கிறிஸ்துமஸ் மதியம் மூன்று மணிக்கோ விருந்து முடிந்து தட்டு கழுவுகிற நேரம். ராணி பேசுகிறார், வீடும் பேசுகிறது. போதாததற்கு, பேசும் ஒரு முகத்தில் ஆழத்துக்கு என்ன வேலை? கண்ணாடி இரண்டு நாளும் ஒரே எடைதான். ஒலிம்பிக்ஸ் அன்று வீடு தன்னைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைக்கச் சம்மதித்தது, கிறிஸ்துமஸ் அன்று சம்மதிக்கவில்லை. என் வாசிப்பு இதுதான்.

முழுதாகக் கொடுத்தால் என்ன கிடைக்கும்

அப்படியானால் அந்த ஈர்ப்பே பொய்யா? இல்லை. இதற்கு ஒரு சாட்சி உண்டு. புரூஸ் பிரிட்ஜ்மன் கலிபோர்னியா சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் பார்வையையும் மூளையையும் ஆராய்ந்த விஞ்ஞானி. அவருக்கே இரண்டு கண்களும் சரியாகச் சேர்ந்து வேலை செய்யாததால் ஆழம் ஏறக்குறையத் தெரியாது. 2012இல், 67 வயதில், மனைவியோடு மார்ட்டின் ஸ்கார்செசியின் 'ஹ்யூகோ' பார்க்கப் போனார். தனக்கு எதற்கு என்று நினைத்தபடியேதான் 3டி கண்ணாடிக்குக் காசு கொடுத்தார். படம் தொடங்கியதும் பாத்திரங்கள் திரையிலிருந்து தனியே எழுந்து நின்றன. அதிசயம் அதுவல்ல. படம் முடிந்து கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தெருவுக்கு வந்தபோது, ஒரு விளக்குக் கம்பம் பின்னணியை விட்டுத் தனியாக நின்றது. அதற்குப் பிறகும் உலகம் அவருக்குத் தட்டையாகத் திரும்பவில்லை.

இரண்டு மணி நேர இருட்டு, பெரிய திரை, முழுக் கவனம். ஒரு மனிதருக்கு அது கம்பத்தையும் மரத்தையும் தனித்தனியாக்கிக் கொடுத்தது. எல்லோருக்கும் நடப்பதல்ல. ஆனால் 3டி எதைத் தூண்டுகிறது என்பது தெரிகிறது. முகத்துக்கு நேரே பாயும் ஈட்டி வெறும் வேடிக்கை. பொருளுக்கும் பொருளுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தைக் காண்பதுதான் ருசி. ஜெல்லி மீனைச் சுற்றியிருந்த தண்ணீர் மாதிரி.

அந்த ருசி கண்டவர்கள் இன்னும் விடவில்லை. எல்ஜியின் 2016ஆம் வருட ஓஎல்இடி டிவிகளோடு 3டி நின்றுபோனதால், அவற்றைப் பழைய விலைக்குத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 'அவதார்' இரண்டாம் பாகம் 2023இல் 3டி ப்ளூ-ரே தட்டாகவும் வந்தது. டிவி தயாரிப்பு நின்று ஆறு வருடம் கழித்தும் அதை வாங்க ஆள் இருந்தது. பெரும்பாலும் ஒரு தனி அறை, திரைச்சீலை, ஒற்றை நாற்காலி வைத்திருப்பவர்களாக இருக்கும் என்று நினைக்கிறேன். வீட்டுக்குள்ளேயே வீட்டிலிருந்து கொஞ்சம் விலகி.

2024 பிப்ரவரியில் ஆப்பிள் தன் விஷன் ப்ரோ ஹெட்செட்டை 3,499 டாலருக்கு விற்கத் தொடங்கியபோது, 3டி படம் பார்க்கலாம் என்பதை அதன் பெருமைகளில் ஒன்றாகச் சொன்னது. முகத்தில் ஒரு பெட்டி, உள்ளே லென்ஸ், கண்ணுக்கு ஒரு படம். புரூஸ்டர் 1849இல் செய்ததும் அதுதான். ஹெட்செட்டுக்குள் மலை மறுபடியும் அடிவானத்துக்கே போய்விட்டது, ஒன்றேகால் அடிக் கணக்கெல்லாம் அங்கே இல்லை. ஆனால் ஹோம்ஸின் மரக் கருவியை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அப்படியே பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுக்கலாம். இதை ஒவ்வொருவர் முகத்துக்கும் கண்ணுக்கும் தனியாகச் சரிசெய்ய வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இன்னொன்று வாங்க வேண்டும்.